முதல் படமும் எழுத்தாளரும்: சுசீந்திரம் வட்டாரத் திரை முயற்சிகள்

முதன்முதலாகக் குறும்படம் எடுக்க முனைபவருக்கு இன்று கேமரா கிடைப்பது எளிது. நண்பர்கள் நடிக்க முன்வருவார்கள். படத்தொகுப்பைக் கணினியிலேயே செய்துவிடலாம். கிடைக்காதவர் எழுத்தாளர்தான். மனத்தில் இருக்கும் கதையைக் காட்சிகளாகப் பிரித்து, பேசக்கூடிய வசனமாக்கி, வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் துணை ஒருவரைத் தேடி அலைவது பெரும்பாலும் முதல் படத்தின் முதல் வேலையாக இருக்கிறது.

இந்தத் தேடலின் பழைய வரலாறு ஒன்று நாஞ்சில் நாட்டில் இருக்கிறது. சுசீந்திரம், அகத்தீஸ்வரம், நாகர்கோவில் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை இவை திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. வீட்டில் தமிழும் அரசு அலுவலகத்தில் மலையாளமும் புழங்கிய நிலம் இது. மலையாளத்தின் முதல் இரண்டு மௌனப் படங்களும் முதல் பேசும் படமும் இந்த வட்டாரத்தவரின் முயற்சியில் தொடங்கியவை. மூன்றுமே நீளமான படங்கள். ஆனால் எடுத்தவர்களுக்கு அது முதல் முயற்சி. முன்மாதிரியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. அவ்வகையில் இன்றைய குறும்பட இளைஞரின் நிலைதான் அவர்களுக்கும்.

தானே எழுதிக்கொண்டவர்

ஜே. சி. டேனியல் அகத்தீஸ்வரத்தைச் சேர்ந்த வசதியான கிறித்தவ நாடார் குடும்பத்தவர். சிலம்பம், களரி போன்ற தற்காப்புக் கலைகளில் ஈடுபாடு கொண்டு, வாட்பயிற்சி பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதியவர். அந்தக் கலைகளை மக்களிடம் கொண்டுசெல்லச் சினிமா ஏற்ற வழி என்ற எண்ணமே அவரைப் படத்துறைக்கு இழுத்தது. தொழில் கற்கச் சென்னைக்குப் போனார்; அங்கே கதவு திறக்கவில்லை. பின்னர் பம்பாய்க்குப் போய், மாணவர்களுக்குச் சினிமா பற்றிக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் என்று சொல்லிப் படப்பிடிப்புக் கூடங்களுக்குள் நுழைந்தார். தன் பெயரிலிருந்த நிலத்தை விற்றுக் கருவிகள் வாங்கி, திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

பம்பாயிலிருந்து கருவிகளை வாங்கிவர முடிந்தது. கதை எழுதுபவரை அப்படி வாங்கிவர முடியவில்லை. திரைக்கு எழுதுவது என்றால் என்ன என்று அறிந்தவர் அன்றைய திருவிதாங்கூரில் எவரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. எனவே ‘விகதகுமாரன்’ படத்தின் கதையை டேனியலே எழுதினார். இயக்கம், ஒளிப்பதிவு ஆகியவையும் அவரே, கதாநாயகனும் அவரே. மௌனப் படம் என்பதால் பக்கம் பக்கமாக வசனம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்தாளர் இல்லாமலே படம் எடுத்துவிடலாம் என்ற துணிவை மௌனப் படம் பலருக்குக் கொடுத்திருந்தது.

அவர் எழுதிய கதை அந்தக் காலத்துக்குப் புதியது. புராணப் படங்களே பெருகியிருந்த நேரத்தில் அவர் சமகாலக் குடும்பக் கதையை எடுத்துக்கொண்டார். திருவிதாங்கூர்ச் செல்வந்தர் ஒருவரின் மகன் சிறுவயதில் இலங்கைக்குக் கடத்தப்படுகிறான். அங்கே தோட்டத் தொழிலாளியாக வளர்ந்து மேற்பார்வையாளர் ஆகிறான். தற்செயலாக அங்கு வரும் உறவினன் ஒருவனோடு ஊர் திரும்புகிறான். உடம்பிலுள்ள தழும்பைக் கொண்டு இன்னார் என்று அறியப்படுகிறான். தெற்குத் திருவிதாங்கூரிலிருந்து ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கதைக்கான விதை ஊரிலேயே கிடந்தது என்று கொள்ளலாம்.

படம் 1930-இல் திருவனந்தபுரம் கேப்பிடல் திரையரங்கில் வெளியானது. 1928 என்றும் சில நூல்களில் காணப்படுகிறது. கதாநாயகி சரோஜினி ஒரு நாயர் பெண். அந்த வேடத்தில் நடித்தவர் பி. கே. ரோசி, காக்காரிசி நாடகங்களில் நடித்துவந்த, தாழ்த்தப்பட்ட புலையர் சாதியைச் சேர்ந்த பெண். நாயகி தலையில் சூடிய பூவை நாயகன் முத்தமிடும் காட்சி திரையில் வந்தபோது அரங்கில் கல்வீச்சு நடந்தது, திரை கிழிந்தது. ரோசியின் குடிசை எரிக்கப்பட்டது. அவர் ஊரைவிட்டு வெளியேறி நாகர்கோவிலுக்கு வந்து, வேறொரு பெயரில் வாழ்ந்து மறைந்தார்.

அன்றைய சூழலை நினைத்துப் பார்த்தால் அந்தக் கல்வீச்சு வியப்பானதல்ல. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவே ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு உரிமை இல்லை. அந்த உரிமைக்காக 1926-இல் சுசீந்திரம் சத்தியாக்கிரகம் நடந்தது. 1930-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. கோயில் நுழைவு அறிவிப்பு வந்ததோ 1936 நவம்பரில்தான். தெருவில் நடக்க விடாதவர்கள் திரையில் நடக்க விடுவார்களா?

டேனியலோடு சேர்ந்து எழுத இன்னொருவர் இருந்திருந்தால் இந்த ஆபத்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கக்கூடும். பூவை முத்தமிடும் காட்சியை எடுத்துவிடுமாறும் கேட்டிருக்கக்கூடும். கூட்டு எழுத்தின் பயனும் அபாயமும் இந்த ஒரு காட்சியில் சேர்ந்தே தெரிகின்றன. அந்தக் காட்சி நீங்கியிருந்தால் டேனியலின் பணம் ஒருவேளை தப்பியிருக்கும். அந்த அரங்கில் வெளிப்பட்ட சாதி வெறி இத்தனை தெளிவாக வரலாற்றில் பதிவாகியிருக்காது.

டேனியல் கடனில் மூழ்கிக் கருவிகளை விற்றார்; பல் மருத்துவம் கற்று அதைத் தொழிலாகக் கொண்டார். முதுமையில் அகத்தீஸ்வரத்தில் வறுமையோடு வாழ்ந்தபோது கேரள அரசின் கலைஞர் உதவித்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் வசிப்பவர் என்பது தடையாயிற்று. 1975-இல் காலமானார். இதழாளர் சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணனின் விடாமுயற்சியால் அவர் வரலாறு வெளிவந்தது. 1992 முதல் கேரள அரசு திரைத்துறையின் உயரிய விருதை அவர் பெயரிலேயே வழங்கிவருகிறது. ‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை.

நாவலை எடுத்துக்கொண்டவர்

டேனியலின் உறவினரான ஆர். சுந்தரராஜ், நாகர்கோவிலில் ‘ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ்’ நிறுவனத்தின் பெயரில் 1933-இல் ‘மார்த்தாண்ட வர்மா’ படத்தைத் தயாரித்தார். பி. வி. ராவ் இயக்கினார். எழுத்தாளர் கிடைக்காத சிக்கலுக்குச் சுந்தரராஜ் கண்ட வழி வேறு. ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த கதையை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ 1891-இல் வெளிவந்த வரலாற்று நாவல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்குட்பட்ட பத்மநாபபுரமும் அதன் சுற்றுப்புறமும் அதன் களங்களில் அடங்கும். படத்தின் இடையே வரும் எழுத்து அட்டைகளில் நாவலின் வாசகங்களே சில இடங்களில் பயன்படுத்தப்பட்டன.

நாவலாசிரியர் 1922-இலேயே காலமாகிவிட்டார். ஆனால் பதிப்புரிமை அவரோடு முடிந்துவிடவில்லை. நாவலை வெளியிட்டுவந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் தன் உரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுத்தது. நீதிமன்ற ஆணையால் படம் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. போட்ட பணம் போயிற்று. சுந்தரராஜும் டேனியலைப் போலவே பெரும் இழப்புக்கு உள்ளானார்.

இதில் எதிர்பாராத பின்விளைவு ஒன்று உண்டு. வழக்கில் கைப்பற்றப்பட்ட படச்சுருள் புத்தக நிலையத்தின் கிடங்கிலேயே பல்லாண்டு கிடந்தது. 1974-இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறத்தாழ எல்லாமே அழிந்துபோக, இந்தப் படம் பிழைத்துக் கிடக்கிறது. தானே எழுதிய டேனியலின் படம் அழிந்தது. அனுமதி பெறாமல் எடுத்ததாக வழக்குக்குள்ளான படம் அந்த வழக்காலேயே காப்பாற்றப்பட்டது.

நாடகக்காரரைக் கொண்டுவந்தவர்

பேசும் படம் வந்ததும் நிலைமை மாறியது. வாய் திறந்து பேசும் பாத்திரத்துக்கு யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். நாகர்கோவிலைச் சேர்ந்த ஏ. சுந்தரம் ‘விதியும் மிஸஸ் நாயரும்’ என்ற கதையை வைத்திருந்தார். அதை மலையாளப் பேசும் படமாக்க விரும்பிச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் உரிமையாளர் டி. ஆர். சுந்தரத்தை நாடினார். அந்த முயற்சியே மாற்றங்கள் பெற்று 1938 ஜனவரியில் ‘பாலன்’ என்ற பெயரில் வெளியான முதல் மலையாளப் பேசும் படம்.

யார் யார் சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கதைக்காரர் நாகர்கோவில்காரர். தயாரிப்பாளர் சேலத்துக்காரர். இயக்கிய எஸ். நோட்டாணி பார்சி இனத்தவர். படத்தின் மொழியோ மலையாளம். அந்த மொழியின் பேச்சு வழக்கு நாவில் ஊறிய ஒருவர் இல்லாமல் இந்தக் கூட்டணி ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. அந்த இடத்துக்கு வந்தவர் முதுகுளம் ராகவன் பிள்ளை. மேடையில் பழகிய நாடகக் கலைஞர்; எழுதவும் நடிக்கவும் தெரிந்தவர். கதையை வசனமாக்கியதோடு பாடல்களையும் அவரே எழுதினார். பின்னாளில் ‘ஜீவித நௌகா’ (1951) முதலான பல படங்களுக்கும் எழுதினார். மலையாளத் திரையில் எழுத்தாளருக்குத் தனி இடம் உண்டானது அவரிலிருந்து என்று சொன்னால் தவறாகாது. அன்றைய நாடக மேடை இல்லையென்றால் இந்தத் தேடல் இத்தனை எளிதில் முடிந்திருக்காது. தமிழிலும் அதுவே நிலை.

என். எஸ். கிருஷ்ணனின் வழி

சுசீந்திரத்தை ஒட்டி ஓடும் பழையாறு அதற்கு முன் நாகர்கோவிலின் ஒழுகினசேரியைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அங்கே 1908-இல் பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்துத் திரைக்கு வந்தார். ‘சதிலீலாவதி’ (1936) படத்தில் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதிக்கொண்டார். அக்காலப் படங்களில் நகைச்சுவைப் பகுதி மூலக்கதையோடு ஒட்டாமல் தனிக்கதையாகவே நடக்கும். வெட்டி எடுத்தால் தனியே நிற்கும். குறும்படம் என்ற சொல் புழக்கத்துக்கு வராத காலத்தில் தமிழில் குறும்படத்துக்கு மிக அருகில் இருந்த வடிவம் அதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் தாமே எழுதுவது என்று கிருஷ்ணன் இருந்துவிடவில்லை. எது தம்மால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1941-இல் அவர் நடித்த ‘சந்திரஹரி’, பொய்யே பேசும் அரசனைப் பற்றிப் பம்மல் சம்பந்த முதலியார் அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி எழுதிய நாடகம். பாடல்களுக்கு உடுமலை நாராயண கவி துணைநின்றார். சிறையிலிருந்து மீண்டபின் ‘நல்லதம்பி’ (1949) படத்துக்கு அவர் தேடிப்போனது அதுவரை சினிமாவுக்கே எழுதியிராத சி. என். அண்ணாதுரையை. தாமே இயக்கிய ‘மணமகள்’ (1951) படத்துக்கு முன்ஷி பரமு பிள்ளையின் மலையாள நாடகமான ‘சுப்ரபா’வைத் தேர்ந்து, வசனம் எழுத மு. கருணாநிதியை அமர்த்தினார். அடுத்த ஆண்டு ‘பணம்’ படத்துக்கும் கருணாநிதியே எழுதினார்.

டேனியலுக்கு வாய்க்காததும் கிருஷ்ணனுக்கு வாய்த்ததும் என்ன என்று கேட்டால், பணம் என்பது விடையாகாது. டேனியல் கையிலும் தொடக்கத்தில் பணம் இருந்தது. கிருஷ்ணனிடம் இருந்தது பழக்கம். நாடகக் குழு, மேடைப் பேச்சு, அரசியல் நட்பு என்று பல வட்டங்களில் அவருக்கு ஆள் தெரியும்; யாருடைய பேனா எதற்குப் பொருந்தும் என்பதும் தெரியும். எழுத்தாளர் தேவைப்பட்ட நாளில் புதிதாகத் தேடத் தொடங்கவில்லை. அவர்களோடு ஏற்கெனவே பழகிக்கொண்டிருந்தார்.

குறும்படக் காலம்

2009 முதல் கலைஞர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி குறும்படத்தைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன் போன்றோர் அதன் வழியே திரைக்கு வந்தனர். இவர்களில் பெரும்பாலோர் தாமே எழுதித் தாமே இயக்கினர். இயக்குநர் என்றால் கதையும் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் இளைஞரிடையே வேரூன்ற இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே நலன் குமாரசாமி பின்னர் தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தில், மிஷ்கின், நீலன் கே. சேகர் ஆகியோரோடு எழுத்தாளர்களில் ஒருவராக இருந்தார். இயக்கத் தெரிந்தவர்களே இன்னொருவர் படத்துக்கு எழுத உட்கார்ந்தார்கள்.

குறும்படத்தில் எழுத்தாளருக்குக் கொடுக்கப் பெரும்பாலும் பணம் இருப்பதில்லை. அங்கே அவருக்குக் கிடைக்கும் ஒரே ஊதியம் திரையில் வரும் பெயர்தான். அதனால்தான் கதை யாருடையது, வசனம் யாருடையது, படம் விரிந்து பெரும்படமானால் உரிமை யாருக்கு என்பவற்றை முதல் காட்சி எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது வழக்கமாகிவருகிறது. இதழில் வந்த சிறுகதையைப் படமாக்குவதானால் எழுத்தாளரின் அனுமதிக் கடிதம் கட்டாயம். ‘மார்த்தாண்ட வர்மா’ கற்றுக்கொடுத்த பாடம் அது.

எதிர்த்திசையில் வந்தவர்கள்

எழுத்தாளர் கிடைக்காமல் தவித்த நாஞ்சில் நாட்டுக்கே பிற்காலத்தில் எழுத்தாளரைத் தேடி இயக்குநர்கள் வந்தார்கள். நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ நாவலை எடுத்துத் தங்கர் பச்சான் ‘சொல்ல மறந்த கதை’ (2002) ஆக்கினார். பாலா, ‘நான் கடவுள்’ (2009) படத்துக்கு நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகனையும், ‘பரதேசி’ (2013) படத்துக்கு நாஞ்சில் நாடனையும் வசனம் எழுத அழைத்தார்.

இவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது ‘கஸ்தூரி மான்’ (2005). அதை இயக்கிய லோகிததாஸ் மலையாளத்தின் தலைசிறந்த திரைக்கதையாசிரியர்களில் ஒருவர். அதே கதையை 2003-இல் மலையாளத்தில் எடுத்தும் இருந்தார். கதை கையில் இருந்தது, திரைக்கதைத் தொழில் கைவந்தது. தமிழில் அது அவருக்கு முதல் படம்; தமிழ் வசனம் மட்டும் அவரால் ஆகவில்லை. தமிழும் மலையாளமும் அறிந்த ஜெயமோகனை எழுதவைத்தார். ஜெயமோகனுக்கும் அதுவே முதல் படம். சுந்தரத்தின் கதைக்கு ஒரு மலையாள நாடகக்காரர் எழுதி 67 ஆண்டுகள் கழிந்திருந்தன.