எரிசாராயமும் கார்புரேட்டரும்: ஒரு வரலாற்று நோக்கு

எந்திரத்தின் ஆற்றலைப் பேசுவோர் பெரும்பாலும் உருளையையும் பிஸ்டனையும் பற்றியே பேசுவர். அவற்றுக்கு உணவூட்டும் சிறு கருவியை நினைப்பார் சிலரே. காற்றையும் எரிபொருளையும் உரிய அளவில் கலந்து அனுப்பும் அக்கருவியே கார்புரேட்டர். தமிழில் அதனைக் கலப்பி எனலாம். எரிபொருள் எத்தனால் எனும் எரிசாராயமாகவும், எந்திரம் சூப்பர்சார்ஜர் எனும் காற்றூட்டியைப் பூண்டதாகவும், வண்டி அன்றாடம் சாலையில் ஓடுவதாகவும் இருப்பின் எத்தகைய கலப்பியைத் தேர்வது? அளவு, இடம், உலோகம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தே இவ்வினாவுக்கு விடை கூற இயலும். இம்மூன்றையும் மனிதன் ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. வரலாற்றின் வெவ்வேறு கட்டங்களில் ஒவ்வொன்றாகக் கற்றான்.

முதற்கண் அளவை நோக்குவோம். தொடக்கக் காலக் கலப்பிகளில், எரிபொருளின் மேற்பரப்பைத் தழுவிச் சென்ற காற்று அதன் ஆவியை ஏந்திச் சென்றது. அளவை வரையறுக்க நல்ல வழியில்லை. 1893ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா ஆகிய இருவரும் நுண்துளை வழியாக எரிபொருளைக் காற்றில் தெளிக்கும் முறையை வகுத்தனர். அதன்பின் துளையின் அளவே கலவையின் அளவை முடிவு செய்வதாயிற்று.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலின் மூலக்கூற்றிலேயே உயிர்வளி அடங்கியிருப்பதால், அதற்கு 9 கிலோ காற்றே போதும். ஆகவே அதே காற்றுக்கு, கொள்ளளவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எத்தனால் செல்லவேண்டும். இங்கே மாணவர் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் நலம். ஒன்றரை மடங்காக வேண்டுவது துளையின் பரப்பேயன்றி விட்டமன்று. விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினால் பரப்பு 2.25 மடங்காகிவிடும், விட்டம் 1.22 மடங்கானாலே போதும். காற்றூட்டி அரை வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாக ஊட்டுமாயின், காற்றும் ஒன்றரை மடங்கை நெருங்கும். அப்போது எத்தனாலின் தேவை, முன்பு செலவான பெட்ரோலைப்போல் ஏறக்குறைய இரண்டேகால் மடங்காகும். துளையோடு மிதவை அறையின் ஊசி வாயிலும் எரிபொருள் பம்பும் இதற்கு ஈடுகொடுக்க வேண்டும். எரிபொருள் குறைந்தால் உருளை அளவுமீறிச் சூடேறிப் பிஸ்டனே உருகக்கூடும்.

அடுத்தது இடம். கலப்பியைக் காற்றூட்டிக்கு முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா? 1921இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் காட்டிய கார்களில் காற்றூட்டி முன்னே நின்று, கலப்பிக்குள் காற்றை அழுத்தி ஊதியது. இம்முறையில் மிதவை அறைக்கும் அதே அழுத்தம் கிட்ட வேண்டும். பம்பின் அழுத்தமோ அதனினும் மிகுந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் பர்கின் என்னும் பந்தய வீரர் 1929இல் களமிறக்கிய பென்ட்லி வண்டிகளில், கலப்பிகள் காற்றூட்டிக்கு முன்னே அமைந்து, கலவை அதன் ஊடாக உறிஞ்சப்பட்டது.

இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு 1937ஆம் ஆண்டு ஒரு விடை தந்தது. மெர்சிடிஸ் நிறுவனத்தின் டபிள்யூ 125 பந்தயக் கார் பெரிதும் சாராயத்தை உண்டு ஓடியது. அதன் எரிபொருளில் 40 விழுக்காடு மெத்தில் சாராயம், 24 விழுக்காடு எத்தில் சாராயம் என்பர். ஊதும் முறையில் தொடங்கிய அந்நிறுவனம், அப்பந்தயப் பருவத்தின் இடையிலேயே உறிஞ்சும் முறைக்கு மாறியது, ஆற்றலும் பெருகிற்று. சாராயம் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இருமடங்குக்கும் மேலான வெப்பத்தைக் கவர்கின்றது. காற்றூட்டிக்குள்ளேயே அது ஆவியானால், அழுத்தத்தால் சூடேறும் காற்று குளிர்ந்து அடர்த்தி பெறுகின்றது. அவ்வாண்டின் ஐரோப்பிய வாகையர் பட்டத்தை அக்காரோட்டிய ருடோல்ஃப் கராச்சியோலா வென்றார்.

பந்தயக் களத்தில் இத்துணைச் சிறப்புற்ற சாராயம் சாலைக்கு ஏன் வரவில்லை? உருளைக்குள் கலவை நேரந்தவறி வெடித்து அதிர்வதைத் தடுக்கும் ஆற்றல் அதற்குண்டு என்பது 1920களிலேயே அறியப்பட்டிருந்தது. எனினும் 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்மம், சிறிதளவே போதுமானதாகவும் மலிவாகவும் இருந்தமையால் சந்தையை வென்றது. ஈயம் நஞ்சு என்பதை அறியாதார் அன்றும் இலர். அந்த ஈய பெட்ரோல் உலகச் சாலைகளைவிட்டு முற்றிலும் நீங்க 2021ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் குழந்தைகள் அக்காற்றையே சுவாசித்தனர் என்பதை எண்ணுங்கால், எரிபொருள் தேர்வு பட்டறைக்குள் அடங்கும் செய்தியன்று என்பது தெளிவாகும்.

மூன்றாம் பாடமான உலோகத்தைக் கற்பித்த நாடு பிரேசில். 1973இல் எண்ணெய் விலை ஏறவே, கரும்பு விளையும் அந்நாடு 1975 நவம்பர் 14இல் தேசியச் சாராயத் திட்டத்தைத் தொடங்கியது. 1979இல் எத்தனாலில் மட்டுமே ஓடும் ஃபியட் 147 கார் விற்பனைக்கு வந்தது. நீர் கலந்த எத்தனால் கலப்பியின் துத்தநாகக் கலவை உடலை அரித்தது; ஆகவே அதற்கு நிக்கல் முலாம் பூசினர். குளிர்காலக் காலைகளில் எத்தனால் எளிதில் ஆவியாகாமையால், எந்திரத்தை முடுக்கிவிடச் சிறு பெட்ரோல் கலம் ஒன்றையும் பொருத்தினர். 1980களின் இடையில், அங்கு விற்ற புதிய கார்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேல் எத்தனால் கார்களே. ஆனால் 1989இல் எத்தனால் தட்டுப்பாடு வந்தது. மக்களின் நம்பிக்கை சரிந்தது. எந்திரம் செம்மையாயினும் எரிபொருள் கிடைக்காவிடில் பயனென்ன? இரு எரிபொருளையும் ஏற்கும் வோக்ஸ்வேகன் கோல் கார் 2003இல் வந்த பின்னரே அந்நம்பிக்கை மீண்டது.

இவ்வரலாற்றின் துணைகொண்டு முதல் வினாவுக்கு விடை கூறலாம். மிதமான அழுத்தம் தரும் காற்றூட்டி பூண்ட சாலை எந்திரத்துக்கு, காற்றூட்டியின் முன்னே அமையும் உறிஞ்சுமுறைக் கலப்பியே எளிமையானது. மிகுதியான காற்றுக்கேற்ற அகன்ற வாயும், கணக்கிட்டுப் பெருக்கிய துளைகளும், அரிப்பைத் தாங்கும் உலோகமும் அடைப்புகளும் அதற்கு வேண்டும். குளிர்ந்த எந்திரத்தை முடுக்கவும் ஒரு வழி செய்துவைத்தல் வேண்டும். இன்று புதிய கார்களில் கலப்பியின் இடத்தை மின்னணுத் தெளிப்பு முறை கைப்பற்றிவிட்டது. ஆயினும் எத்தனாலுக்கு வேண்டும் காற்றின் விகிதம் மாறவில்லை. வகுப்பறையில் வட்டத்தின் பரப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் இக்கலப்பியின் துளையை எடுத்துக்காட்டாகக் கொள்வாராயின், கணிதமும் வேதியியலும் வரலாறும் ஒருங்கே மாணவர் உள்ளத்தில் பதியும்.