பி.டி. வாத்தியார் தாத்தாவும் நான் பறித்துக்கொண்ட பி.டி. பீரியடும்



போன வாரம் காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சார், பாபர்ல இருந்து ஔரங்கசீப் வரைக்கும் எனக்கு இன்னும் மனப்பாடம். எல்லாம் பி.டி. பீரியட்ல நீங்க நடத்துனது." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. மானாமதுரைக்காரர். அந்தக் காலத்துப் பி.டி. வாத்தியார். அவரைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் தாத்தா என்றே எழுதுகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவரை உருவாக்கிய கல்லூரியையும், அதை ஆரம்பித்த ஒரு அமெரிக்கரையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் அமெரிக்கன் மிஷன் என்று சொல்வார்களே, அவர்கள் 1834இல் மதுரைக்கு வந்தார்கள். பிறகு பசுமலை, மானாமதுரை என்று பல ஊர்களில் பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டினார்கள். தாத்தாவின் குடும்பம் அந்தக் கோயிலைச் சேர்ந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அது சி.எஸ்.ஐ. கோயில் ஆனது. தாத்தா பசுமலையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1930களின் கடைசியில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் போனார். அவர் வாயில் அது எப்போதும் "சைதாப்பேட்டை காலேஜ்"தான்.

அதை 1920இல் ஆரம்பித்தவர் ஹாரி குரோ பக். 1884இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தார். கூடைப்பந்து பிறந்தது அந்தக் கல்லூரியில்தான். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் விளையாட வைக்க வழி தேடி, இரண்டு பழக்கூடைகளை மேலே மாட்டி ஆரம்பித்த ஆட்டம் அது. 1895இல் கைப்பந்தை உருவாக்கிய வில்லியம் மார்கனும் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர்தான். இன்று நம் ஊர்ப் பொட்டலில் ஆடும் இரண்டு ஆட்டங்கள் இப்படி வந்தவை.

ஒய்.எம்.சி.ஏ.வின் சின்னம் ஒரு முக்கோணம். உடல், மனம், ஆவி மூன்றும் சேர்ந்தவன்தான் மனிதன் என்பது அதன் பொருள். பக் 1919இல் இந்தியா வந்தார். அப்போது இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளர் சேலத்துக்காரரான கே.டி. பால். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

அந்தக் காலத்துப் பள்ளிகளில் விளையாட்டு என்று தனியாக ஒன்றும் கிடையாது. டிரில்தான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் பலர் டிரில் மாஸ்டராக இருந்தார்கள். "அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்பதோடு பாடம் முடிந்துவிடும். பக் அதை மாற்ற நினைத்தார். விளையாட்டும் படிப்புதான், அதைச் சொல்லிக்கொடுப்பவனும் முறையாகப் படித்த ஆசிரியனாக இருக்க வேண்டும் என்றார். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு ஆரம்பித்த கல்லூரி, பிறகு அடையாற்றங்கரையில் பெரிய மைதானங்களோடு வளர்ந்தது. அங்கே படித்தவர்கள் நாடு முழுவதும் பி.டி. வாத்தியார்களாகப் போனார்கள்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் பக்தான். திரும்பி வந்து நாடெங்கும் சுற்றி, மாகாண விளையாட்டுச் சங்கங்கள் உருவாக உதவினார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது, முதல் தலைவர் தோராப்ஜி டாட்டா. பக் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. 1943 ஜூலையில் சென்னையிலேயே இறந்தார்.

இந்த இடத்தில் வரலாற்று வாத்தியாராக ஒன்றைத் திருத்திவிட்டுப் போகிறேன். நம் பெண் பிள்ளைகள் ஆடும் எறிபந்துக்கு 1955இல் ஹாரி பக் விதிமுறை எழுதினார் என்று இணையத்தில் பல இடங்களில் இருக்கிறது. 1943இல் இறந்தவர் 1955இல் எப்படி எழுதுவார்? 1940களில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. வழியாக அந்த ஆட்டம் பெண்களிடம் பரவியது என்பது வரை சரி. ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் அப்படியே எடுத்துப் போட்டால் அது வரலாறு ஆகிவிடாது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சரி, தாத்தாவிடம் வருகிறேன்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளிகளில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். (சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985இல்தான்.) அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிராமத்துப் பள்ளிகள் எப்படி இருந்தன என்று பெரியவர்களுக்குத் தெரியும். தண்ணீர்ப் பானை வேறு வேறு. உட்காரும் இடம் வேறு வேறு. வகுப்பறைக்குள் தாத்தாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மைதானம் அவர் கையில் இருந்தது. உயரத்தின்படி வரிசையில் நிற்க வைப்பார். சடுகுடுவுக்கு ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி அணி பிரிப்பார். யார் பக்கத்தில் யார் நிற்பது என்பதை எண்தான் முடிவு செய்யும்.

ஒரு தடவை ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "என்ன வாத்தியாரே, எங்க வீட்டுப் பையனை யார் யாரோ தொடுறாங்களாமே" என்று சத்தம் போட்டாராம். தாத்தா நிதானமாகச் சொல்லியிருக்கிறார்: "தொடாம ஆடுற சடுகுடு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா நீங்க சொல்லிக்கொடுங்க." இதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. அவருடன் வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு வெளியூர் வேலை. அதனால் எட்டாம் வகுப்பு வரை நான் தாத்தா வீட்டில் வளர்ந்தேன். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு வேதம் வாசிப்பார், ஜெபம் பண்ணுவார். பிறகு என்னை எழுப்பி வைகை ஆற்றுக்குக் கூட்டிப்போவார். ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்கள்தானே அதிகம்! மணலில் காலால் ஒரு கோடு போடுவார், நூறு அடி தள்ளி இன்னொரு கோடு. "ஓடு அப்பு."

நான் ஓட மாட்டேன். கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கும் பிள்ளை நான். தெருப் பிள்ளைகளோடு ஓடினால் கடைசி ஆள் நான்தான். தாத்தா ஒரு நாளும் அதற்காக முகம் சுளித்ததில்லை. எல்லோரும் ஓடி முடித்து உட்கார்ந்த பிறகும், கோட்டுக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பார். நான் வந்து சேர்ந்ததும் நேரத்தைப் பார்த்து, "நேத்தைக்கு இன்னைக்கு தேவலை" என்பார். பள்ளி விளையாட்டு விழாவிலும் அப்படியே. முதல் மூன்று பேர் வந்ததும் மற்றவர்கள் பரிசு மேசைக்குப் போய்விடுவார்கள். கடைசிப் பையன் கோட்டைத் தாண்டும் வரை தாத்தா நகர மாட்டார். அதற்கு அவர் சொல்லும் காரணம் வேதத்தில் இருந்தது. பவுல் கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பந்தயத்தில் முதலாவதாக வந்தேன் என்று சொல்லவில்லை, ஓடி முடித்தேன் என்றுதான் சொல்கிறார் என்பார்.

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு கதை எரிக் லிடல். பக் போன அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஓடியவர். 100 மீட்டரின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வு நாளில் ஓட மாட்டேன் என்று விலகிவிட்டார். அதற்குப் பதில் 400 மீட்டர் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். பிற்பாடு இதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். மற்றவர்கள் தங்கத்தோடு கதையை முடிப்பார்கள். தாத்தா அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்பார். அந்த மனிதர் புகழை விட்டுவிட்டுச் சீனாவுக்குப் போய்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். 1945இல் ஜப்பானியர்களின் தடுப்பு முகாமில் இறந்தார். முகாமில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தவர் அவர். "அதுதான்டா அப்பு அவர் வாங்கின மெடல்" என்பார் தாத்தா.

பாட்டி இறந்த பிறகு, 1980களில், தாத்தா காரைக்குடியில் என்னோடு வந்து இருந்தார். நான் அப்போது ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் என்றால் எனக்கு உயிர். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியட் என் பீரியட்தான். பி.டி. ஆசிரியர் பாவம், என்ன சொல்வார்? மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் தாத்தா திண்ணையில் இருந்து கேட்பார்: "இன்னைக்குப் பிள்ளைங்க விளையாண்டாங்களா அப்பு?"

"பரீட்சை வருது தாத்தா, போர்ஷன் முடியலை."

அதோடு விட்டுவிடுவார். ஒரு நாள் மட்டும் சொன்னார்: "பானிபட் யுத்தத்தை நீ நடத்து, வேண்டாங்கலை. ஆனா கடைசி பெஞ்சுல ஒருத்தன் இருப்பான் பாரு. அவனுக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் பள்ளிக்கூடம். மத்த நேரமெல்லாம் அவன் அங்க சும்மா உக்காந்திருக்கான்."

அதைக் கேட்டு மறுநாளே நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அடுத்த மார்ச்சிலும் எடுத்தேன். அதற்கு அடுத்த மார்ச்சிலும் எடுத்தேன். தாத்தா 1988இல் காலமானார். அடக்கத்துக்கு மானாமதுரையில் வந்து நின்றவர்களில், அவர் பயிற்சி கொடுத்து மாவட்ட அளவில் ஆடியவர்கள் சிலர்தான் இருந்தார்கள். எந்தப் போட்டியிலும் ஜெயிக்காதவர்கள்தான் அதிகம். ஒருவர் மண்பாண்டம் செய்கிறவர், ஒருவர் லாரி டிரைவர், ஒருவர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். "சார் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்" என்று ஒருவர் அழுதார். அவரை மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றுதான் தாத்தா கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. அதன் பிறகு நான் பி.டி. பீரியடை எடுக்கவில்லை. என் பாடத்தில் தேர்ச்சி விகிதம் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாத்தாவின் விசில் இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். நேற்று அவள் சொன்ன பதில்: "இல்ல தாத்தா, பி.டி. பீரியடை மேத்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்க."

என்னால் கோபப்பட முடியவில்லை. நான் செய்ததுதானே.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பீரியடை விட்டுவிடுங்கள். அது காலியான நேரம் இல்லை. கல்யாண வீட்டில் என்னைச் சிரிக்க வைத்த தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டியது: உங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த மாலை நேரங்களுக்காக மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பி.டி. வாத்தியாரை ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் அவரைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.