மிரர்லெஸ் கேமரா வாங்கப் போறீங்களா? மெகாபிக்சலுக்கு முன்னால் பட்டன்களைப் பாருங்கள்

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956 மாநில மறுசீரமைப்பில் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது, பக்கத்திலுள்ள விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் கல்யாண போட்டோகிராபர்களுக்கு எல்லையெல்லாம் கிடையாது. காலையில் நெய்யாற்றின்கரையில் கோயில் கல்யாணம், மறுநாள் மார்த்தாண்டத்தில் தேவாலயத் திருமணம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். தாலி கட்டுவது சில நொடி. அந்த நேரத்தில் விரல் தப்பான பட்டனில் போனால், ரீடேக் கிடையாது.

அதனால்தான் கேமராவின் பிடிப்பும் பட்டன் அமைப்பும் முக்கியம். இதைத்தான் எர்கனாமிக்ஸ் என்கிறோம்.

மிரர்லெஸ்ஸில் ஏன் இந்தச் சிக்கல்?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி இருக்கும். அதை எடுத்ததும் பாடி மெலிந்தது. கேனானின் பழைய இஎஃப் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ., புதிய ஆர்எஃப்பில் 20 மி.மீ. பாடி சின்னதானால் பட்டன்களுக்கும் சுண்டுவிரலுக்கும் இடம் குறையும். சோனி ஏ7 வரிசையின் ஆரம்ப மாடல்களில் பலர் சொன்ன குறை இதுதான். அடுத்தடுத்த மாடல்களில் பிடி ஆழமாகிக்கொண்டே வந்தது.

எடை எவ்வளவு?

பாடியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கல்யாணத்தில் அதிகம் பயன்படும் எஃப்/2.8 ஸ்டாண்டர்டு ஜூம் லென்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் (பேட்டரி, கார்டு உட்பட, சுமாராக):

• கேனான் ஆர்6 மார்க் 2 + ஆர்எஃப் 24-70: 670 + 900 = 1,570 கிராம்
• நிகான் இசட்6 3 + இசட் 24-70 (முதல் பதிப்பு): 760 + 805 = 1,565 கிராம்
• சோனி ஏ7 4 + ஜிஎம் 2 24-70: 658 + 695 = 1,353 கிராம்
• ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி5 + 16-55 மார்க் 2: 557 + 410 = 967 கிராம்

ஃபூஜியின் சென்சார் ஏபிஎஸ்-சி, மற்ற மூன்றும் ஃபுல் ஃபிரேம். அதனால் நேரடி ஒப்பீடு ஆகாது. எடை குறைவு என்றால் எப்போதும் வசதி என்றும் இல்லை. கனமான லென்ஸை மாட்டும்போது ஆழமான பிடிதான் மணிக்கட்டைக் காப்பாற்றும்.

பட்டன்கள் எப்படி வேறுபடுகின்றன?

சோனி, நிகான், ஃபூஜி மூன்றிலும் ஆன்-ஆஃப் சுவிட்ச் ஷட்டர் பட்டனைச் சுற்றியே இருக்கும். ஒரு கையிலேயே ஆன் பண்ணி சுடலாம்.

கேனான் ஆர்6-ல் அது இடது பக்கம் இருந்தது. 2022-ல் வந்த ஆர்6 மார்க் 2-ல் வலது பக்கம் போனது. இடது பக்கத்தில் அதே இடத்தில் போட்டோ-வீடியோ சுவிட்ச் வந்தது. பழைய மாடலில் பழகிய கை கேமராவை ஆஃப் பண்ணப் போய் வீடியோ மோடுக்கு மாற்றிவிடும். புது மாடல் சிறந்ததாக இருந்தாலும் பழகிய விரலுக்கு அது புது ஊர்தான்.

ஃபூஜி எக்ஸ்-டி5-ல் ஐஎஸ்ஓ, ஷட்டர் ஸ்பீடு இரண்டுக்கும் தனித்தனி டயல். கேமரா ஆஃபில் இருந்தாலும் செட்டிங் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மண்டபத்திலிருந்து வெயிலுக்கு ஓடும்போது ஒவ்வொரு டயலாகத் திருப்ப வேண்டும். மற்ற மூன்றிலும் மோட் டயலிலேயே கஸ்டம் நினைவிடங்கள் மூன்று உண்டு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று சேமித்தால் ஒரே திருப்பில் மாறலாம்.

லென்ஸ் மாட்டும் திசையும் கவனிக்கணும். முன்னாலிருந்து பார்த்தால் நிகானில் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும், மற்றவற்றில் வலஞ்சுழி. இரண்டு பிராண்டைக் கலந்து வைத்திருப்பவர்கள் அவசரத்தில் தடுமாறுவது இங்கேதான்.

டச் ஸ்கிரீன் இருக்கே, பட்டன் எதுக்கு?

2018-ல் கேனான் இஓஎஸ் ஆர் தொட்டு இயக்கும் பட்டை ஒன்றோடு வந்தது. ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக் அதில் இல்லை. 2020-ல் ஆர்5, ஆர்6 வந்தபோது பட்டை போனது, ஜாய்ஸ்டிக் வந்தது. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை: கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது விரல் தடவித்தான் பட்டனைக் கண்டுபிடிக்கும். வழுவழுப்பான பட்டையில் தடவ என்ன இருக்கு? மழையும் வியர்வையும் உள்ள இந்தப் பகுதியில் ஈர விரல் டச் ஸ்கிரீனோடும் மல்லுக்கட்டும்.

கடையில் என்ன சோதிக்கலாம்?

• நீங்கள் பயன்படுத்தப்போகும் லென்ஸை மாட்டி, 5 நிமிடம் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். சுண்டுவிரல் தொங்குதா பாருங்க.
• கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓ, ஃபோகஸ் புள்ளி, எக்ஸ்போஷர் மூன்றையும் மாற்றிப் பாருங்கள்.
• சத்தமில்லா ஷட்டரை ஒரு பட்டனில் வையுங்கள். தேவாலயத்தில் உதவும். எல்இடி விளக்கில் அதே ஷட்டர் படத்தில் கோடு விழ வைக்கலாம் என்பதால், சட்டென்று அணைக்கவும் அந்தப் பட்டன் வேண்டும்.

எப்போது மாறலாம்?

இங்கே ஒரு வசதி இருக்கு. தமிழரின் ஆடியும் மலையாளிகளின் கர்க்கடகமும் ஏறக்குறைய ஒரே மாதம். எல்லையின் இரு பக்கமும் அப்போது கல்யாணங்கள் குறைவு. புது கேமராவை வாடகைக்கு எடுத்து விரலைப் பழக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆவணி, அதாவது சிங்கம் பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். அன்றைக்கு மண்டபத்தில் நின்று மெனுவைத் தேடக் கூடாது.