நிலைகுலைந்த கர்னலின் அறிக்கை: ஒரு வரலாறு

இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் நிலைகுலைந்தால் கணினியே நின்றுபோகும். எந்த நிரல் நடந்ததைப் பதிவு செய்ய வேண்டுமோ, அதுவே அப்போது பழுதுபட்டிருக்கும். கர்னலின் பிழை அறிக்கையைப் பயனுள்ளதாக்க நடந்த முயற்சிகள் எல்லாம் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே வளர்ந்தன.

1991இல் பிறந்த லினக்ஸ் இயங்குதளத்தில் இத்தகைய அறிக்கைக்கு 'ஊப்ஸ்' என்று பெயர். அது செயலியின் பதிவகங்களின் மதிப்புகளையும், எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்னும் வரிசையையும் திரையில் காட்டும். தொடக்கத்தில் இவை வெறும் பதினறும எண்களாகவே இருந்தன. கர்னலைத் தொகுத்தபோது உருவான முகவரிப் பட்டியலோடு 'கேசிம்ஊப்ஸ்' என்ற கருவி அவற்றை ஒப்பிட்டுப் பெயர்களாக மாற்றித் தரும். பட்டியல் வேறு பதிப்புக்குரியதாக இருந்துவிட்டால், வரும் பெயர்களும் தவறாகும். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 வரிசையில் கர்னலே தன் செயற்கூறுகளின் பெயர்களை உடன் வைத்துக்கொண்டு, அறிக்கையில் நேரடியாக அச்சிட்டது.

பல பிழைகளுக்கு ஒரு திரை அளவு அறிக்கை போதாது. நினைவகம் முழுவதன் நகலும் வேண்டும். எஸ்ஜிஐ நிறுவனம் தொடங்கிய எல்கேசிடி போன்ற திட்டங்கள் அந்த நகலை வட்டில் எழுதின. ஆனால் எழுதியது பழுதுபட்ட அதே கர்னல்தான். அது பாதியில் உறைந்துபோகலாம், வட்டிலுள்ள நல்ல தரவையும் கெடுக்கலாம்.

இதற்கான விடையில் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. எரிக் பீடர்மன் உருவாக்கிய 'கெக்ஸெக்', ஓடும் கர்னலிலிருந்து வேறொரு கர்னலுக்கு கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் துணையின்றி நேரடியாகத் தாவ வழிசெய்தது. ஐபிஎம் நிறுவனத்தின் பெங்களூருப் பொறியாளர்களான விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா, மணீஷ் சோனி ஆகியோர் அதன்மேல் 'கேடம்ப்' முறையைக் கட்டினர். கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்படும். அதில் இரண்டாவது கர்னல் ஒன்று காத்திருக்கும். முதலாவது விழுந்ததும் இது எழுந்து, பழைய நினைவகத்தை ஒரு கோப்பாகக் காட்டும். அதைச் சேமித்து, 'கிராஷ்' என்ற கருவியால் ஆராயலாம். 2005 ஆகஸ்டில் 2.6.13 பதிப்பில் இம்முறை லினக்ஸில் சேர்ந்தது.

அறிக்கை சுட்டும் இடத்துக்குப் போய்ப் பிழையைத் திருத்த மூலநிரல் கையில் இருக்க வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். தென்சென்னைப் புறநகரின் பங்கு இங்கேதான் வருகிறது. தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில், 1949இல் சி. ராஜம் நிறுவிய எம்ஐடி பொறியியல் கல்லூரியின் வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆய்வு மையம் இயங்குகிறது. 2005இல் அந்த மையமும், அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளையும் இணைந்து, கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அத்தகைய மென்பொருளைப் பொறியியல் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவருவது அதன் பணிகளுள் ஒன்றாக இருந்தது. இம்முயற்சியில் உருவான பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு 2007இல் வெளிவந்தது.

பின்னர் அறிக்கையின் அளவும் வடிவமும் செப்பமாயின. 'மேக்டம்ப்ஃபைல்' கருவி தேவையற்ற நினைவகப் பக்கங்களை நீக்கி நகலைச் சுருக்கியது. 2014இல் கர்னலோடு சேர்ந்த ஒரு சிறு நிரல், அறிக்கையின் முகவரிகளை மூலநிரலின் வரி எண்களாக மாற்றித் தந்தது. 2024இல் வந்த 6.12 பதிப்பு, விழும் தறுவாயில் அறிக்கையைக் கியூஆர் குறியாகத் திரையில் காட்டும் வசதியைச் சேர்த்தது. கைப்பேசியால் அதைப் படித்தெடுத்து, பிழை திருத்துவோருக்கு அப்படியே அனுப்பலாம்.