ஜி.எஸ்.டி. சாலையின் வழிகாட்டிப் பலகைகளும் பயணியர் வசதிகளும்

சென்னைக் கத்திப்பாராவிலிருந்து மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை ஜி.எஸ்.டி. சாலை எனப்படுகிறது. ‘கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு’ என்ற ஆங்கிலேயர் காலப் பெயரின் சுருக்கம் இது. 2017-இல் சரக்கு, சேவை வரிக்கும் இதே மூன்றெழுத்து வந்துவிட்டதால் மாணவர்கள் சிலர் குழம்புவதுண்டு; வரியை விடச் சாலைக்குத்தான் வயது அதிகம்.

இச்சாலையில் தாம்பரம் முதல் திண்டிவனம் வரையிலான சுமார் 93 கிலோமீட்டர், 2004-இல் நான்குவழிச் சாலையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை வழி தெரியாதவர்கள் வண்டியை ஓரங்கட்டி டீக்கடையில் விசாரித்தார்கள். நடுவில் தடுப்பு எழும்பி, வண்டிகளின் வேகமும் கூடிய பின் விசாரிக்க ஆளும் கிடைக்கவில்லை, நிறுத்த இடமும் கிடைக்கவில்லை. டீக்கடைக்காரர் பார்த்த வேலையை வழிகாட்டிப் பலகை ஏற்றுக்கொண்டது. அப்பலகை யாரை நோக்கிப் பேசுகிறது, எந்த மொழியில் பேசுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பவை இச்சாலையின் வரலாற்றில் ஒரு பகுதி.

பலகைக்கு முன்பு

வழிப்போக்கருக்குத் தூரம் அறிவிக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவற்தாவளம் என்னும் இடத்துக்கு இன்னும் 29 காதம் இருக்கிறது என்று அக்கல் அறிவிக்கிறது. எழுத்திலும் எண்ணிலும் சொன்னதோடு அது நிற்கவில்லை. எழுத்தறியாதவரும் தெரிந்துகொள்வதற்காக, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும் ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. வண்டியோட்டியும் சுமை தூக்குபவரும் விரலால் தடவிக்கூடத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இன்றைய சாலைப் பொறியாளர்கள் ‘படக்குறி’ என்று சொல்லும் உத்தியின் கருத்து இதிலேயே இருக்கிறது.

பயணியர் வசதிகளும் அப்படித்தான். சத்திரம், தண்ணீர்ப்பந்தல், சாலையோரக் கிணறு, நிழல்மரம், சுமைதாங்கிக் கல் எல்லாம் நடந்து போகிறவரின் தேவையை அறிந்து வைக்கப்பட்டவை. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி ஏற்றும் உயரத்தில் சுமைதாங்கி இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம்.

ஆங்கிலேயர் காலத்தில் மைல்கற்கள் வந்தன. சுங்கச்சாவடிகளும் அக்காலத்தில் இருந்தவைதான். திருச்சியின் ‘நம்பர் ஒன் டோல்கேட்’, சென்னைத் தண்டையார்பேட்டையின் ‘டோல்கேட்’ ஆகிய இடப்பெயர்கள் அதற்குச் சாட்சி. 1931-ஆம் ஆண்டின் சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டத்தோடு பழைய சுங்கம் மறைந்தது. 1960-களில் மைல் கிலோமீட்டராக மாறியது. ‘மைல்கல்’ என்ற சொல்லை மட்டும் மக்கள் கைவிடவில்லை.

தாம்பரம் வட்டாரத்தில் வழிகாட்டும் பணியைப் பலகைகளை விட இடப்பெயர்களே அதிகம் செய்துவந்தன. குரோம் லெதர் தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. காசநோய் மருத்துவமனையால் ‘சானடோரியம்’ என்பது பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் ரயில் நிலையத்தின் பெயராகவும் ஆனது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த பின் அதுவும் ஓர் அடையாளமாயிற்று. நடத்துநர் உரக்கச் சொன்னால் போதும், பலகையைத் தேட வேண்டியதில்லை.

நான்குவழிச் சாலை

மத்திய அரசு 1998-இல் தொடங்கிய தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் தாம்பரம்–திண்டிவனம் பணி எடுக்கப்பட்டது. ஜி.எம்.ஆர். குழும நிறுவனம் ஒன்று ஆண்டுத்தொகை முறையில் இதைச் செய்தது. இம்முறை பலருக்குப் புரிவதில்லை. நிறுவனம் தன் பொறுப்பில் பணம் திரட்டிச் சாலையை அமைத்துப் பராமரிக்கும். அதற்கு நெடுஞ்சாலை ஆணையம் ஒப்பந்தக் காலம் முழுவதும் குறிப்பிட்ட தவணைத் தொகையைத் தரும். பரனூரிலும் ஆத்தூரிலும் வசூலாகும் சுங்கக் கட்டணம் ஆணையத்தைச் சேரும். எனவே சுங்கச்சாவடியில் செலுத்தும் பணம் நேராகச் சாலை போட்டவரின் பைக்குப் போகிறது என்று எண்ணுவது இந்தச் சாலையைப் பொறுத்தவரை சரியன்று.

பலகைகளின் வடிவம், நிறம், எழுத்தின் அளவு ஆகியவற்றை 1934-இல் அமைக்கப்பட்ட இந்தியச் சாலைப் பேரவை வகுக்கிறது. அதன் ஐ.ஆர்.சி. 67 என்னும் விதித்தொகுப்பு 1977-இல் முதலில் வெளிவந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. வட்டமான பலகை கட்டளையிடும், முக்கோணம் எச்சரிக்கும், நீள்சதுரம் தகவல் சொல்லும் என்பதை ஓட்டுநர் உரிமத்துக்குப் படிப்பவர் எல்லாரும் அறிவர். உணவகம், எரிபொருள், மருத்துவமனை, ஓய்விடம் ஆகியவற்றுக்கு நீலப் பலகையில் வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்புப் படம் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குப் பச்சைத் தலை.

எழுத்தின் அளவுக்கு ஏன் இத்தனை விதிகள் என்று கேட்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் நகர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடிவிடுகிறது. பலகையைப் பார்த்து, படித்து, முடிவெடுத்து, தடம் மாற நான்கு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 110 மீட்டருக்கு மேல் போயிருக்கும். பிரிவுச் சாலையின் வாயிலிலேயே நிற்கும் பலகையால் யாருக்கும் பயனில்லை. தடுப்பு இருக்கும் சாலையில் தவறவிட்டவர் அடுத்த திருப்பம் வரை சென்று மீள வேண்டும். சிலர் பொறுமையிழந்து அணுகுசாலையிலோ பிரதான சாலையிலோ எதிர்த்திசையில் வருவார்கள். விபத்துகள் பல இப்படித்தான் நேர்கின்றன.

எண் மாற்றமும் ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. சென்னையைத் திருச்சி, திண்டுக்கல்லோடு இணைத்த இச்சாலை நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 45 ஆக இருந்தது. 2010-இல் நாடு முழுவதும் எண்கள் மாற்றப்பட்டன. வடக்கு–தெற்குச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண்ணும், கிழக்கு–மேற்குச் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண்ணும் தரப்பட்டன. அதன்படி சென்னை–திண்டிவனம் பகுதி 32 என்றும், திண்டிவனம்–விழுப்புரம் கிளை 132 என்றும், விழுப்புரத்துக்குத் தெற்கே 38 என்றும் ஆயின. 32-ஐப் பின்பற்றிக்கொண்டே போனால் திருச்சிக்குப் பதிலாகப் புதுச்சேரிக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கும். முறை அறிவுக்கு ஏற்றதுதான். ஆனால் ஒரே வழியில் செல்லும் பயணிக்கு மூன்று எண்கள் என்பது உதவியாக இல்லை. லாரி ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் இன்றும் ‘என்.எச். 45’ என்கிறார்கள்.

எந்த மொழி?

பலகை மொழி தமிழகத்தில் எப்போதும் அரசியலாகவே இருந்துவந்துள்ளது. 1952-இல் பெரியாரின் அழைப்பை ஏற்று ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துகள் தாரால் அழிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்துத் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலத்துக்குப் பதில் இந்தி எழுதப்பட்டதைத் தமிழகக் கட்சிகள் கண்டித்தன. தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஊர்ப் பெயரை வெவ்வேறு எழுத்துகளில் மாற்றி மாற்றி எழுதுவது விதியிலேயே உண்டு. ஆயினும் ஒரு கல்லைப் பார்த்த பயணிக்கு அடுத்த கல் வரும் வரை காத்திருக்க நேரமில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

2020 ஜூனில் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. ‘எக்மோர்’ போய் எழும்பூர் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் எழுத்துக்கூட்டுகள் படிக்கவே கடினமாக இருந்தன என்ற விமரிசனம் எழுந்ததால் சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரே ஊர் பலகைக்குப் பலகை வேறு வேறு ஆங்கில எழுத்துக்கூட்டில் வரும் நிலை அதனால் தொடர்கிறது. வெளிமாநில ஓட்டுநருக்கு இது வெறும் எழுத்துப் பிழையாகத் தெரியாது, இரண்டு ஊர்களாகத் தெரியும்.

இதை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பலகைகள் எல்லாம் கடந்து செல்லும் காரை நோக்கியே நிற்கின்றன. ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ சாலையின் ஒருபுறம் வீடும் மறுபுறம் பள்ளியோ ரயில் நிலையமோ உள்ளவருக்கு, எங்கே கடக்கலாம் என்று சொல்லும் பலகை அரிது. நான்குவழிச் சாலை ஊரை நடுவில் பிளந்தது; பிளவைக் கடக்கும் வழியைப் பிற்பாடுதான் யோசித்தார்கள். அண்மை ஆண்டுகளில் பெருங்களத்தூருக்குத் தெற்கே சாலை எட்டுத்தடமாக விரிந்தபோது கடக்க வேண்டிய அகலமும் கூடியது.

உணவும் ஓய்வும்

நீண்ட தூர அரசுப் பேருந்துகள் நின்ற இடங்களில் செங்கல்பட்டைத் தாண்டி வரும் மாமண்டூர் பெயர் பெற்றது. சாலையோர மோட்டல்கள் குறித்துப் பயணிகள் சொல்லும் குறைகள் எல்லாரும் அறிந்தவை: விலை அதிகம், சுவை குறைவு, கழிப்பறை மோசம். எங்கே நிற்பது என்பதைப் பேருந்து முடிவு செய்வதால் பயணிக்குத் தேர்வு கிடையாது. பெண்களும் சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் பயணத்துக்கு முன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது இந்தச் சாலையின் சொல்லப்படாத வழக்கங்களில் ஒன்று. நீலப் பலகையில் உள்ள படம் கழிப்பறை இருக்கிறது என்று சொல்லும். அது திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று சொல்லாது.

சொந்த வண்டியில் செல்பவர்களுக்கு நிலைமை வேறு. 2010-க்குப் பிறகு செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகைகள் மழைக்காளான்கள் போல முளைத்தன. பித்தளை டவரா, டம்ளர், ஓலைக்கூரை, வண்டி நிறுத்தத் தாராளமான இடம் என எல்லாம் ஒரே அச்சு. கும்பகோணத்துக்கும் அக்கடைகளில் பலவற்றுக்கும் உள்ள தொடர்பு பலகையோடு முடிந்துவிடுகிறது என்றாலும், நின்று இறங்க ஓர் இடம் வேண்டும் என்ற தேவையை அரசுக்கு முன்பே வியாபாரிகள் புரிந்துகொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேல்மருவத்தூரைத் தாண்டி ‘99 கி.மீ. காபி ஸ்டாப்’ என்றே ஒரு கடை உள்ளது. தூரக் கணக்கே கடைப் பெயராகிவிட்டது.

சுங்கச்சாவடி வரிசையும் ஒரு சந்தையாக இருந்தது. வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, வேர்க்கடலை, கோடையில் நுங்கு ஆகியவை கார் ஜன்னல் வழியாகவே விற்பனையாகும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் வண்டி நிற்கும் நேரம் குறைந்தது. பேரம் பேசும் நேரமும் குறைந்தது.

அவசர உதவியில் நிகழ்ந்த மாற்றம்தான் எல்லாவற்றிலும் மேலானது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழகத்தில் தொடங்கியது. 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்தார். சாலை விபத்தில் காயமடைந்தவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை, வரையறுத்த தொகை வரை அரசு ஏற்கும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்பகுதி விபத்துகளில் பெரும்பாரத்தைத் தாங்குகிறது.

பெருங்களத்தூரும் கிளாம்பாக்கமும்

2002-இல் கோயம்பேட்டில் புறநகர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின்னும், தென்சென்னைப் புறநகர் மக்கள் ஊருக்குச் செல்லக் கோயம்பேடு வரை போகவில்லை. பெருங்களத்தூரில் சாலையோரம் நின்றே ஏறினார்கள். சென்னைப் புறவழிச்சாலை வந்து ஜி.எஸ்.டி. சாலையில் சேரும் இடமும் அதுவே. தீபாவளி, பொங்கல் இரவுகளில் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் ஆயிரக்கணக்கானோர் அங்கே காத்து நின்றனர். எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று சொல்லப் போதிய பலகை கிடையாது. ஓடும் பேருந்தின் முன்கண்ணாடியில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுப் பின்னால் ஓட வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டார்கள்.

2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. சுமார் 88 ஏக்கர் பரப்பு, ஊர்வாரியான நடைமேடைகள், கூரை, இருக்கை, கழிப்பறை, உணவகம் என்று சாலையோரத்தில் இல்லாதிருந்தவை அங்கே ஒரே இடத்தில் கிடைத்தன. திறந்த நாளில் முனையத்தை ஒட்டி ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ மின்சார ரயிலை விட்டு இறங்கியவர்கள், மூட்டையோடு ஜி.எஸ்.டி. சாலையோரம் வந்து, முனையத்துக்கு எப்படிப் போவது என்று ஆட்டோக்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும்தான் விசாரித்தார்கள்.