நீச்சல் கண்ணாடி வந்த கதை

கிணற்றிலோ கண்மாயிலோ நீந்திப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், உள்ளே மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகவே தெரியும். படிக்கட்டின் விளிம்பு, எதிரே நீந்திவரும் நண்பனின் கால், அடியில் கிடக்கும் கல் எல்லாமே வெறும் நிறத் திட்டுகள்தாம். ஒரு மணி நேரம் கழித்துக் கரையேறினால் கண் சிவந்திருக்கும். அன்று எங்கே போயிருந்தோம் என்று அம்மாவிடம் பொய் சொல்லித் தப்பவும் முடியாது.

நாள்தோறும் நீச்சல் குளத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்பத் திரும்ப நீந்துகிறவர்களுக்கென்று இன்று ஒரு கடையே இருக்கிறது. தொப்பி, உடை, கையில் மாட்டும் தட்டு, காலில் மாட்டும் துடுப்பு, நீந்திய தூரத்தை எண்ணும் கைக்கடிகாரம் என்று அலமாரி நிறையச் சாமான்கள். இவற்றில் எதை முதலில் வாங்குவது என்று பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடி என்பார்கள். ஆனால் வரலாற்றில் அந்தக் கண்ணாடி மிகவும் பிந்தி வந்த சாமான். ஒலிம்பிக் குளத்தில் அது பரவலாகக் காணப்பட்டது 1976-ஆம் ஆண்டில்தான். மனிதன் சந்திரனில் இறங்கி ஏழு ஆண்டுகள் ஆன பிறகு! ஏன் இத்தனை தாமதம்?

முதலில், நீருக்குள் கண் ஏன் தோற்றுப்போகிறது என்று பார்ப்போம். கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் லென்ஸ் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அந்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கண்ணின் முன்புறத்தில் வளைந்திருக்கும் விழிவெண்படலம். கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் 43 டயாப்டர் அளவு இந்தப் படலத்தினுடையது. காற்றிலிருந்து படலத்துக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1; படலத்தினுடையது சுமார் 1.38. ஆனால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. படலத்துக்கும் தண்ணீருக்கும் அதிக வேறுபாடு இல்லை. எனவே நீருக்குள் ஒளி வளையாமல் நேரே போய்விடுகிறது. விழித்திரையில் உருவம் குவிவதில்லை. மிகக் கடுமையான தூரப்பார்வை நோய் திடீரென்று வந்துவிட்டதைப் போன்ற நிலை அது.

கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்து வைத்துவிட்டால் போதும், படலம் தன் வேலையைத் திரும்பச் செய்யத் தொடங்கிவிடும். நீச்சல் கண்ணாடி என்பது அவ்வளவுதான்: இரண்டு கண்களுக்கும் முன்னால் இரண்டு சிமிழ்க் காற்று. அந்தக் காற்றைத் தாங்கும் தட்டையான சன்னல் வழியே பார்க்கும்போது பொருள்கள் உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோலவும், அதற்கேற்பச் சற்றுப் பெரிதாகவும் தெரியும். புதிதாகக் கண்ணாடி போட்டவர் சுவர் வந்துவிட்டது என்று கையை நீட்டித் தண்ணீரைத் தொடுவது இதனால்தான்.

கண்ணாடி இல்லாமலே நீருக்குள் நன்றாகப் பார்க்கிறவர்களும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தமான் கடலில், தாய்லாந்து, பர்மியத் தீவுகளில் வாழும் மோக்கன் என்னும் கடலோடிகளின் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைப்போல் இரு மடங்கு நுணுக்கமாக நீருக்குள் பார்க்கிறார்கள் என்பதை 2003-இல் சுவீடன் நாட்டு அறிவியலார் அன்னா யிஸ்லேன் குழுவினர் வெளியிட்டனர். அவர்கள் கண்மணியை 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருக்கிக் கொள்கிறார்கள். ஊசித்துளைக் காமிராவில் லென்ஸ் இல்லாமலே உருவம் தெளிவாக விழுகிறதே, அந்தத் தத்துவம்தான். பழக்கினால் ஐரோப்பியக் குழந்தைகளுக்கும் அது வந்துவிடுகிறது என்பதும் பின்னர் தெரிந்தது.

நீச்சலுக்குக் கருவி செய்யும் ஆசை புதிதன்று. மின்னலோடு விளையாடிய பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டன் நகரில் சிறுவனாக இருந்த காலத்திலேயே, ஓவியர் கையில் வைத்திருக்கும் வண்ணத் தட்டைப்போல் இரண்டு மரத்தட்டுகள் செய்துகொண்டார். நீளம் சுமார் 10 அங்குலம், அகலம் 6 அங்குலம். கட்டைவிரல் நுழைய ஒரு துளை. அவற்றால் வேகமாகப் போக முடிந்தது, ஆனால் மணிக்கட்டு வலித்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். இன்று விற்கும் கைத்தட்டுகளைப் போட்டவர்கள் இதே குறையைச் சொல்வதைக் கேட்கலாம். முந்நூறு ஆண்டுகளில் மணிக்கட்டு மாறிவிடவில்லை. ஆக, கைக்கு உதவி 18-ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. கண்ணைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து ஐரோப்பியர் பெரும்பாலும் நீந்தியது மார்பு நீச்சல். தவளையைப்போல் கைகால்களை விரித்து, தலையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நீந்துவது. முகம் நீருக்குள் போனால்தானே கண்ணுக்குக் கேடு!

1875 ஆகஸ்டில் மாத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்ததும் மார்பு நீச்சலில்தான். அடுத்தவர் கடப்பதற்கு 36 ஆண்டுகள் ஆயின. பல முறை முயன்று தோற்ற தாமஸ் பர்கெஸ், 1911 செப்டம்பரில் 22 மணி 35 நிமிடத்தில் அக்கரை சேர்ந்தார். அவர் கண்ணில் மாட்டியிருந்தது மோட்டார் ஓட்டுநர்கள் தூசுக்காக அணியும் கண்ணாடி. அதற்குள் தண்ணீர் புகுந்தது. ஆயினும் ஒரு நாள் முழுவதும் முகத்தில் அறையும் உப்புத் திவலையைத் தடுக்க அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு நீச்சலே மாறிவிட்டது. கைகளை மாற்றி மாற்றி வீசி, முகத்தை நீருக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்கும் கிரால் முறை வேகத்தில் மற்ற முறைகளை வென்றது. அந்த முறையில் கால்வாயைக் கடக்க வந்தவர் அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடர்லி. 1925-இல் தோற்று, 1926 ஆகஸ்ட் 6-ஆம் நாள் மீண்டும் இறங்கினார். இம்முறை அவருக்குப் பயிற்சி தந்தவர் வேறு யாருமல்லர், அதே பர்கெஸ்தான். எடர்லியின் முகம் மணிக்கணக்கில் கடலுக்குள் இருக்க வேண்டும். மோட்டார்க் கண்ணாடி அதற்கு உதவாது. எனவே கண்ணாடியின் விளிம்பு முழுவதும் உருக்கிய மெழுகால் அடைக்கப்பட்டது. தண்ணீர் புகவில்லை. பதினான்கரை மணி நேரத்தில் கரையேறினார். அதுவரை கடந்திருந்த ஆண்களில் மிக வேகமானவரைக் காட்டிலும் இரண்டு மணி நேரம் முன்னதாக! தூசுக்கண்ணாடி நீச்சல் கண்ணாடியாக மாறிய இடம் இதுவே எனலாம்.

சில ஆண்டுகளில் பிரான்சின் தென்கடற்கரையில் கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர், விமானிகளின் கண்ணாடியைப் புட்டியால் அடைத்து மாட்டிக்கொண்டு மீன் வேட்டையாடினார். இத்தகைய கண்ணாடியோடு ஆழத்துக்குப் போகும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. கண்ணாடிக்குள் இருக்கும் காற்றோ மேற்பரப்பின் அழுத்தத்தில்தான் இருக்கிறது. விளைவு, கண் வெளிப்புறமாக உறிஞ்சப்படுகிறது. மெல்லிய இரத்தக் குழாய்கள் வெடிக்கின்றன. அதனால்தான் மூழ்குகிறவர்களின் முகமூடி மூக்கையும் சேர்த்து மூடுகிறது. மூக்கால் காற்றை விட்டு அழுத்தத்தைச் சமன் செய்யலாம். குளத்து நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆழத்தில் காசு பொறுக்கும் விளையாட்டு வேண்டாம்.

கடல் போகட்டும். குளத்தில் நீந்துகிறவர் கண்ணுக்கு வந்த எதிரி வேறு. நூற்றுக்கணக்கானவர் ஒரே தண்ணீரில் இறங்கும் குளம், நோயைப் பரப்பும் தொட்டியும் ஆகும். 1910 வாக்கில் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகக் குளத்தில் குளோரினைக் கலந்து கிருமிகளைக் கொன்று காட்டினார்கள். முறை எங்கும் பரவியது; எத்தனையோ பேரை நோயிலிருந்து காத்தது. அதே சமயம் நீந்துகிறவர்களின் கண்ணையும் எரித்தது. பழியைக் குளோரின்மீது மட்டும் போடுவது சரியன்று. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து குளோரமின்கள் உண்டாகின்றன. கண்ணை எரிப்பதும், ‘குளத்து வாடை’ என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இவைதாம். வாடை தூக்கலாக இருந்தால் குளம் மிகச் சுத்தமாக இருக்கிறது என்று பொருளன்று. குளிக்காமல் இறங்கியவர்கள் அதிகம் என்று பொருள்.

குளத்துத் தண்ணீரில் கண்ணீரில் உள்ள அளவு உப்பு இல்லை. ஆகவே அது விழிவெண்படலத்துக்குள் ஊறிப் படலத்தைச் சற்று வீங்கச் செய்கிறது. மாலைப் பயிற்சி முடிந்து வெளியே வந்தால் தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அந்தக் காலத்து நீச்சல் வீரர் எல்லாரும் கண்ட வளையம் அது. கையும் காலும் இன்னும் நீந்தத் தயாராக இருக்கும்; கண் மறுத்துவிடும். ஒருவர் எவ்வளவு பயிற்சி செய்யலாம் என்பதை முடிவு செய்தது பல நேரங்களில் நெஞ்சின் வலிமை அன்று, கண்ணின் பொறுமைதான்.

இந்த இடத்தில் வருகிறார் டேவிட் வில்கி. ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1954-இல் கொழும்பில் பிறந்தவர். நீந்தக் கற்றதும் கொழும்பில்தான். குளோரின் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1970-இல் எடின்பரோ காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், 16 வயதில், தலையில் தொப்பியும் கண்ணில் கண்ணாடியுமாக வந்து நின்றார். பெரிய போட்டி ஒன்றில் அப்படி நின்ற முதல் வீரர் அவர்தான் என்கிறது நீச்சல் வரலாறு. 200 மீட்டர் மார்பு நீச்சலில் வெண்கலம் பெற்றார். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் 7 தங்கம் வென்றது கண்ணாடி இல்லாமல். அங்கே வில்கிக்கு வெள்ளி. நான்கு ஆண்டுகள் கழித்து மாண்ட்ரியலில் அமெரிக்க ஆண்கள் 13 போட்டிகளில் 12-ஐ அள்ளிக்கொண்டார்கள். மீந்த ஒன்று வில்கியினுடையது. 2 நிமிடம் 15.11 விநாடி, பழைய உலகச் சாதனையை மூன்று விநாடிக்கு மேல் குறைத்துவிட்டார். கண்ணாடி அவரை வேகமாகத் தள்ளிவிடவில்லை. போட்டி நாளில் அது ஒரு விநாடியைக்கூடக் குறைத்திராது. அதன் உதவி பயிற்சி நாள்களில். 50 மீட்டர் குளத்தில் 100 முறை போய்வந்தாலும், அடியில் உள்ள கறுப்புக் கோட்டையும், சுவருக்கு 2 மீட்டர் முன்னால் அது குறுக்காக முடிவதையும் அவரால் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

அதே 1970-களில் சுவீடனின் மால்ம்ஸ்டன் நிறுவனத்திலிருந்து வந்த கண்ணாடி இன்றும் விற்கிறது. மெத்தை கிடையாது, இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒரு நூல், சிறு குழாய், ரப்பர் பட்டை எல்லாம் தனித்தனியாக வரும். வாங்கியவரே தம் மூக்கின் அகலத்துக்கு நூலைக் கட்டிக் கோத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முகமும் வேறு என்பதை ஒப்புக்கொண்ட கருவி அது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக் உடையாத சன்னலைத் தந்தது. சிலிகோன் மென்மையான விளிம்பைத் தந்தது. கண்ணுக்கு அருகில் உண்மையான கண்ணாடிச் சில்லை வைக்கும் அச்சம் தீர்ந்தது.

நேராக வேகத்தையே விற்ற சாமானின் கதை வேறு விதமாக முடிந்தது. 2008-இல் ஸ்பீடோ நிறுவனம் பாலியூரிதேன் பட்டைகள் பதித்த உடையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு வந்த உடைகள் முழுக்க அந்தப் பொருளாலேயே ஆனவை. உடலை இறுக்கி, நீரில் சற்று உயர்த்தி மிதக்க வைத்தன. 2009-இல் ரோம் நகரில் ஒரே உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள்! நீந்தியது மனிதரா உடையா என்ற கேள்வி எழுந்தது. 2010 ஜனவரி 1 முதல் அவ்வகை உடைகள் தடை செய்யப்பட்டன. ஆனால் சாதனைகள் ஏட்டிலேயே நின்றுவிட்டன. ரோமில் பால் பீடர்மன் 400 மீட்டரில் நிறுவிய 3 நிமிடம் 40.07 விநாடியை 2025 ஏப்ரலில்தான் லூகாஸ் மார்ட்டென்ஸ் முறியடித்தார். நாள்தோறும் நீந்துகிறவருக்கு இந்த உடைகளால் ஆவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது குளோரினில் சீக்கிரம் தளர்ந்துபோகாத பாலியெஸ்டர் உடை. லைக்ரா மிகுந்த துணி அழகாக நிற்கும், ஆனால் விரைவில் தொய்ந்துவிடும்.

2019-இல் கண்ணாடிக்குள்ளேயே எண்கள் தெரியும் வகையும் விற்பனைக்கு வந்தது. நீந்திய தூரம், நேரம் ஆகியவை சன்னலின் ஓரத்தில் ஒளிர்கின்றன. விலை சாதாரணக் கண்ணாடியைப்போல் பல மடங்கு. ஆனாலும் விளிம்பு முகத்தில் பொருந்தாவிட்டால் அதற்குள்ளும் தண்ணீர் புகும், பர்கெஸுக்குப் புகுந்ததைப்போல. கடையில் வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கிண்ணங்களை மட்டும் கண்ணில் மெல்ல அழுத்தி விடுங்கள். ஓரிரு விநாடி தானே ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கு உரியது. கிட்டப்பார்வை உள்ள மாணவர்களுக்கு எண்ணிட்ட லென்ஸோடும் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். உட்புறத்தில் பனி படராமலிருக்க மெல்லிய பூச்சு ஒன்று பூசியிருக்கும். அதை விரலாலோ துணியாலோ துடைத்தால் போய்விடும். போன பிறகு என்ன செய்வது? ஒலிம்பிக் வீரர்கள்கூடச் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு: உள்ளே எச்சிலைத் தடவி, ஒரு முறை நீரில் அலசி மாட்டிக்கொள்வது.