ஹஷிமா: ஆளில்லாத நிலக்கரித் தீவு

ஹஷிமா, ஜப்பானின் நாகசாகி நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள சிறு தீவு. கடலிலிருந்து பார்க்கப் போர்க்கப்பல் போலத் தோன்றுவதால் 'குன்கன்ஜிமா' (போர்க்கப்பல் தீவு) என்றும் அழைக்கப்படுகிறது. 1890இல் மிட்சுபிஷி நிறுவனம் இதனை வாங்கி, கடலடியில் நிலக்கரி வெட்டியது. 1916இல் இங்குக் கட்டப்பட்ட ஏழு மாடிக் குடியிருப்பு, ஜப்பானின் மிகப் பழைய கான்கிரீட் அடுக்குமாடிகளுள் ஒன்று. 1959இல் வெறும் 6.3 எக்டேர் நிலத்தில் 5,259 பேர் வாழ்ந்தனர். நிலக்கரியின் இடத்தைப் பெட்ரோலியம் பிடித்தபின், 1974 சனவரியில் சுரங்கம் மூடப்பட்டது. ஏப்ரலுக்குள் தீவே காலியானது.

வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வரை விட்டுச் செல்லப்பட்டிருந்தன. இடிபாடுகளைப் படமெடுப்போரை இத்தீவு ஈர்த்ததற்கு இவையும் காரணம். தடையை மீறி நுழைந்தோரும் உண்டு. 2009 முதல் பயணிகள் அனுமதிக்கப்படுகின்றனர். ஆனால் கட்டடங்களுக்குள் செல்ல முடியாது.

உதிரும் சுவர்கள் படத்தில் அழகாகவே விழுகின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியரும் சீனரும் இச்சுரங்கத்தில் கட்டாய வேலை செய்தது அவற்றில் தெரிவதில்லை. 2015இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டபோது, அந்த வரலாற்றையும் எடுத்துரைப்பதாக ஜப்பான் உறுதியளித்தது. அது முழுமையாக நிறைவேறவில்லை என்று 2021இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் குழு கடும் வருத்தம் தெரிவித்தது.